வராதவர்களைத் தேடும் வேலை

தென்காசி,
ஆனி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டு வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது.

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று நீ கேட்டதாக அக்கா சொன்னாள். குற்றாலம் பராசக்தி கல்லூரியில் கணிதம், அப்புறம் எம்.எஸ்ஸி. புள்ளியியல். சென்னையில் ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு என்று நம்பிப் போனால், காலையிலிருந்து சாயங்காலம் வரை போன் பேசச் சொல்கிறார்கள். குறித்த தேதிக்கு வராத நோயாளியின் கோப்பை எடுத்து, ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதச் சொல்கிறார்கள். “இதற்கா இவ்வளவு படித்தேன்” என்று அழுதாயாம். போனில் பேசினால் சொல்ல நினைத்ததில் பாதியை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

கணக்குப் படித்தவளிடம் கணக்கிலிருந்தே பேசுகிறேன். ஐந்து வருடத்துக்கு முன் உங்கள் பிரிவில் சேர்ந்த நூறு பேர் என்று வைத்துக்கொள். நாற்பது பேர் இறந்தது கோப்பில் இருக்கிறது. முப்பத்தைந்து பேர் இன்றும் வந்து போகிறார்கள். மீதி இருபத்தைந்து பேர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இப்போது பெரிய டாக்டர் வந்து, ஐந்து வருடம் பிழைத்தவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டால் என்ன சொல்வாய்? அந்த இருபத்தைந்து பேரும் இறந்திருந்தால் 35. எல்லாரும் உயிரோடு இருந்தால் 60. அவர்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டால் 47. இதில் எது உண்மை என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. அந்த இருபத்தைந்து வீட்டுக்கும் பேசிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். நீ போடும் ஒவ்வொரு போனும் 35க்கும் 60க்கும் நடுவே உள்ள இருட்டைக் கொஞ்சம் குறைக்கிறது.

கப்லானும் மையரும் 1958இல் கொடுத்த முறையை நீ பாடத்தில் படித்திருப்பாய். வராமல் போனவரைக் கடைசியாகப் பார்த்த தேதியோடு கணக்கிலிருந்து விடுவித்துவிடும் முறை. வராதவருக்கும் வருகிறவருக்கும் ஆபத்து ஒரே அளவுதான் என்ற அனுமானம் அதற்கு அடியில் இருக்கிறது. பரீட்சையில் அதை ஒரு வரியாக எழுதிவிட்டு நகர்ந்திருப்பாய். நம் ஊர்ப்பக்கம் அந்த அனுமானத்தோடு நடந்து பார். யார் வராமல் நிற்கிறார்கள்? கையில் இருந்த காசு தீர்ந்தவர். பஸ் ஏற முடியாத அளவுக்கு உடம்பு முற்றியவர். வீட்டிலேயே கண்ணை மூடியவர். இவர்களை ஓசையில்லாமல் விடுவித்துவிட்டால், பிழைத்தவர்களின் கோடு தாளில் அழகாக மேலே நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்து மருந்து தேர்ந்தெடுப்பார்கள், திட்டம் போடுவார்கள், அடுத்த நோயாளிக்கு நம்பிக்கை சொல்வார்கள்.

அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்த சுவாமிநாதன், ரமா, டாக்டர் சாந்தா மூவரும் 2008இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதைத் தேடிப் படி. 1990களில் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறியவர்கள் என்ன ஆனார்கள் என்று தபால் எழுதியும் வீடு தேடிப் போயும் கண்டுபிடித்தார்கள். அப்படித் தேடாமல், இறப்புப் பதிவில் பெயர் வராதவர்களை எல்லாம் உயிரோடு இருப்பவர்களாக வைத்துக்கொண்டிருந்தால், பிழைத்தோர் விகிதம் எவ்வளவு பொய்யாக உயர்ந்திருக்கும் என்பதுதான் கட்டுரை. குடிசையில் 12 படுக்கையோடு 1954இல் தொடங்கிய இடம் அது. அதை உலகம் மதிக்கும் இடமாக வளர்த்த சாந்தா அம்மாள், தன் எண்பதாவது வயதை ஒட்டி, வராதவர்களைப் பற்றிய கட்டுரையில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். உனக்குச் சின்னதாகத் தெரியும் வேலை அவருக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

ரத்தப் புற்றுநோய்க்கான இன்றைய மருத்துவமே இந்த மாதிரி ஒரு நேர்மையில்தான் ஆரம்பித்தது. 1948 ஜூனில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்ததைப் பற்றி எழுதினார். அதுவரை இந்த நோய் வந்த குழந்தைகள் வாரக்கணக்கில், மிஞ்சினால் மாதக்கணக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பதினாறில் பத்துப் பேருக்கு நோய் அடங்கியது. வேறு யாராவது என்றால் வெற்றி என்று தலைப்பு வைத்திருப்பார்கள். அவர் வைத்த தலைப்பு ‘தற்காலிகமாக’ என்ற பொருள் தரும் சொல்லில்தான் தொடங்குகிறது. குழந்தைகளை விடாமல் கவனித்தபடியால், அடங்கிய நோய் திரும்ப வருவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்காததால்தான் ஒரு மருந்து போதாது, பல மருந்துகளைச் சேர்க்க வேண்டும் என்ற அடுத்த யோசனை பிறந்தது. அமினாப்டெரினை லெடர்லி ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்துக்காரர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஃபார்பரின் கட்டுரை வந்த இரண்டு மாதத்தில் காலமாகிவிட்டார். அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையைத்தான் நீ பேசும் தாய்மார்கள் இன்றைக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள்.

அந்த மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வாரத்துக்கு ஒரு நாள் கொடுப்பது. கூடவே கொடுக்கும் மெர்காப்டோப்யூரின் தினமும் கொடுப்பது. இரண்டும் சின்ன மாத்திரை. வீட்டில் யாராவது மாற்றிக் கொடுத்துவிட்டால் வாய் புண்ணாகி, வெள்ளணு விழுந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆகவே தாயிடம் “மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கிறீங்களா” என்று கேட்காதே. அதற்கு எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “எந்தக் கிழமை எந்த மாத்திரை” என்று கேள். பதில் தடுமாறினால் உடனே டாக்டரிடம் கொண்டு போ.

குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியாவின் கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1980களுக்கு முன் நம் நாட்டில் ஐந்தில் ஒரு பிள்ளைகூட நெடுநாள் பிழைத்ததில்லை. 1980களின் நடுவிலிருந்து மும்பை டாடா நினைவு மருத்துவமனை, அடையாறு, தில்லி எய்ம்ஸ் ஆகியவை எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத் கூட நின்றார். இருபது வருடக் கணக்கை 2005இல் வெளியிட்டார்கள். பிழைத்தவர்கள் இரண்டு மடங்குக்கும் மேலாகியிருந்தார்கள். நோயால் போனவர்கள் தனி, கிருமித் தொற்றாலும் மருந்தின் கடுமையாலும் போனவர்கள் தனி என்று பிரித்து எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது. வசதியான நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு மருந்தால் வருவது. இன்னொரு பங்கு சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதால் வருவது. இரண்டு, இரண்டரை வருடச் சிகிச்சையில் ஆறு மாதம் கழிந்ததும் பிள்ளை ஓடியாடும், முடி முளைத்துவிடும். பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்போதுதான் வீட்டில் ஒரு பெரியவர், “பிள்ளைதான் நல்லா இருக்கானே, இனி எதுக்கு அலைச்சல்” என்பார். அன்பில்தான் சொல்கிறார். அந்த நேரத்தில் உன் போன் போக வேண்டும்.

எனக்கு மிகவும் நெருக்கமானது இன்னொரு நோய். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த காலத்தில், லீஷ்மன் சாயம் போட்ட ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் வைத்ததுமே தெரிந்துவிடும். இடம் இல்லாமல் வெள்ளணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எண்ணிப் பார்த்தால் இரண்டு லட்சம், மூன்று லட்சம். மண்ணீரல் தொப்புள்வரை இறங்கியிருக்கும். வயதைப் பார்த்தால் முப்பதோ நாற்பதோ. கிரானிக் மைலாய்டு லுக்கேமியா. மூன்று நான்கு வருடம் மாத்திரையில் ஓட்டலாம், பிறகு ஒருநாள் நோய் வெறிகொண்டு எழும். ரிசல்ட் எழுதிக் கையெழுத்துப் போடும்போது கை கனக்கும்.

இந்த நோய்க்கு 2001இல் இமாட்டினிப் என்ற மருந்து வந்தது. தினம் ஒரு வேளை மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவர்களைப் போலவே வயதாகி வாழலாம் என்ற நிலை. ஆனால் நோவார்டிஸ் கம்பெனியின் மாத்திரை மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். இந்தியக் கம்பெனிகள் அதையே எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கொடுத்தன. புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவிச் சங்கம் எதிர்ப்பு மனு போட, சென்னை காப்புரிமை அலுவலகம் 2006இல் நோவார்டிஸின் விண்ணப்பத்தைத் தள்ளியது. அந்தக் கம்பெனி, காப்புரிமைச் சட்டத்தையே எதிர்த்துப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் அதையும் ஏற்கவில்லை. கடைசியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை கிடையாது என்று முடித்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்ட இந்த வழக்கு நம் சென்னையில் ஓர் அலுவலகத்தில் பிறந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மருந்து கைக்கெட்டியதும் கதை முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்போம். அடையாறில் ஐநூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துப் பார்த்து 2011இல் எழுதினார்கள். பெரும்பாலோருக்கு மருந்து இலவசத் திட்டத்தில் கிடைத்தது. அப்படியிருந்தும் பத்தில் மூன்று பேர் டாக்டரிடம் சொல்லாமல் மருந்தை இடையில் நிறுத்தியிருந்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வருடம் நோய் தலைதூக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 77. விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களில் 60. மாத்திரை ஒன்றுதான், நோய் ஒன்றுதான், பெரும்பாலோருக்கு விலையும் இல்லை. பதினேழு பேர் எங்கே போனார்கள்? அதற்கு விடை மருந்துக் கம்பெனியிடம் இல்லை, நீதிமன்றத்திலும் இல்லை.

விடை இங்கே இருக்கிறது, நம் ஜில்லாவில். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும், இந்த நோய்க்கு இங்கிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ இரவு முழுக்கப் பயணம். நீ ஆனி, ஆடியில் ஒரு தேதி குறித்துக் கொடுத்தால் குற்றாலத்தில் டீக்கடை போட்டிருப்பவர் வர மாட்டார். இந்த இரண்டு மூன்று மாத சீசனில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவருக்கு வருடம் ஓடும். ஆலங்குளத்தில் பீடி சுற்றும் அம்மாவுக்கு, இரண்டு நாள் போய் வந்தால் கடைக்குக் கொடுக்க வேண்டிய பீடி குறையும். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கு வருகிற குடும்பம் நம் பக்கத்தில் கிடையாது. இன்னும் சிலர் ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகத் தொடங்கியிருப்பார்கள். நமக்கு அது பக்கம். உன் கோப்பில் அவர் காணாமல் போனவர். அங்கே வாரா வாரம் வந்து உட்கார்ந்திருப்பார். சென்னையில் இருந்துகொண்டு இதையெல்லாம் யார் அறிவார்? நீ அறிவாய். உனக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

அதனால்தான் கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும் என்கிறேன். “ஏன் வரலை” என்று தொடங்கினால் அந்தப் பக்கம் போன் வைத்துவிடுவார்கள், அல்லது ஒரு பொய் சொல்வார்கள். “நல்லா இருக்கியளா” என்று நம் ஊர்ப் பேச்சில் தொடங்கு. எடுத்தவர் யார் என்று தெரியும்வரை ஆஸ்பத்திரியின் பெயரையோ நோயின் பெயரையோ சொல்லாதே. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்திருக்கலாம். கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணின் வீடாக இருக்கலாம். நோயாளிக்கே முழு விவரம் தெரியாமல் வீட்டார் வைத்திருக்கலாம்.

இறந்துவிட்டார் என்று சொன்னால் உடனே தேதி கேட்டுவிடாதே. கொஞ்ச நேரம் அவர்கள் பேசுவதைக் கேள். தேதி தானாக வரும். ஆனால் காலண்டர்த் தேதியாக வராது. “ஆடித்தபசுக்கு ரெண்டு நாள் முந்தி” என்பார்கள், “பொங்கல் கழிச்சு பதினாறு அடியந்திரம் வச்சோம்” என்பார்கள். ஒரு பஞ்சாங்கம் மேஜையில் வைத்துக்கொள். காரணத்தை உன் படிவத்தில் இருக்கிற கட்டத்துக்குள் திணிக்காதே. ‘சமூகக் காரணம்’ என்று டிக் போட்டால் அதை வைத்து யாரும் எதையும் சரிசெய்ய முடியாது. “கூட வர ஆள் இல்லை” என்றால் அதையே எழுது. “ரூம் வாடகை கட்ட முடியலை” என்றால் அதையே எழுது.

நாட்டு மருந்து சாப்பிடுகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொல்பவர்கள் உண்டு. மலை மூலிகையின் மேல் குற்றாலத்துப் பக்கத்தில் உள்ள நம்பிக்கை உனக்குத் தெரிந்ததுதான். அவர்களைக் கண்டித்தால் அடுத்த தடவை மறைப்பார்கள். என்ன, எவ்வளவு, எத்தனை நாளாக என்று மரியாதையோடு கேட்டு எழுதி, டாக்டரின் கண்ணில் படும்படி வை. இமாட்டினிப் ஈரலில் கரைவது. கூடச் சாப்பிடும் பொருளால் அதன் அளவு ரத்தத்தில் ஏறவும் இறங்கவும் செய்யும். பம்பளிமாஸ் வகைப் பழம்கூட வேண்டாம் என்கிறார்கள்.

உதவியாகச் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் எப்போதும் கையில் வைத்துக்கொள். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போய்வர ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. கூட வருகிற ஒருவருக்கு முக்கால்வாசித் தள்ளுபடி. ஆஸ்பத்திரி சான்றிதழ் இருந்தால் போதும். பொதிகை ரயிலில் ஏறி வருகிற நம் ஊர்க்காரர்களில் பலருக்கு இது தெரியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எதற்கெல்லாம் செல்லும் என்பதையும் உங்கள் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகத் தெரிந்துகொள். காரணம் கேட்கும் குரல் ஒரு வழியையும் சொன்னால்தான் அடுத்த முறை போனை எடுப்பார்கள்.

இப்படியே எத்தனை காலம் என்று நீ கேட்பாய். எப்போதும் போனிலேயே இரு என்று நான் சொல்லவில்லை. பெரிய ஆராய்ச்சி நம் மண்ணில் நடந்த விதத்தைப் பார். அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்று ஒன்று, ரத்தம் கசிந்து சில நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். வழக்கமான சிகிச்சைக்குப் பணம் இல்லாதவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னால் நின்றது. இந்த நோயை அடக்கும் என்று சீனாவில் கண்டறிந்த ஆர்சனிக் ட்ரையாக்சைடை மட்டுமே வைத்து 1998 முதல் சிகிச்சை செய்தார்கள். விக்ரம் மாத்யூஸ், மாம்மன் சாண்டி முதலானோர் 2006இல் 72 பேரின் கணக்கை எழுதினார்கள். மூன்று வருடம் கழித்து 86 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நோயாளியின் மடியில் இருந்த காசிலிருந்து பிறந்த கேள்வி அது. பதிலை உலகமே படித்தது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குதான் என்றாலும் லட்சங்களில்தான் இருக்கிறது. அது நல்ல செய்தி. ஆனாலும் அந்தச் சிகிச்சை பெற்றவர் மறு வருடம் எப்படி இருக்கிறார் என்று கேட்க உன்னைப் போல ஒருத்தி வேண்டியிருக்கும்.

உன்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. தென்காசி, சங்கரன்கோவில், செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து உங்கள் பிரிவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? அதில் நின்றவர்கள் எத்தனையாவது மாதத்தில் நின்றார்கள்? சீசனிலா, அறுப்புக் காலத்திலா? மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து, ரத்தப் பரிசோதனையை மட்டும் இங்கேயே செய்து அனுப்பினால் எத்தனை பேர் தங்குவார்கள்? ஏற்கெனவே இருக்கிற கோப்புகளையும் நீ எழுதுகிற காரணங்களையும் வைத்தே இதைத் தொடங்கலாம். பெயர், முகவரி வெளியே போகாமல் பார்த்துக்கொண்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதி கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதி உன் டாக்டரிடம் கொடு. எம்.எஸ்ஸி.யில் படித்தது அத்தனையும் அந்த ஒரு பக்கத்துக்குத் தேவைப்படும்.

இன்னொன்று. ஒரே நாளில் நாலைந்து வீட்டில் இழவுச் செய்தி கேட்டால் யாருக்கும் மனசு தாங்காது. நீ அழுததில் பாதி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அடுத்த போனை நல்லபடியாக மாத்திரை சாப்பிட்டு வருகிற ஒருவருக்குப் போடு. சாயங்காலம் ரூமில் தனியாக உட்காராதே. எனக்கும் பேசலாம், எந்த நேரமானாலும்.

ஆடி அமாவாசை கழித்து நான் சென்னை வருகிறேன். அதற்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி வை, இருவரும் சேர்ந்து பார்ப்போம். ரயில் சலுகைப் படிவம் பத்துப் பிரதி எடுத்து வைத்தால் வரும்போது வாங்கிக்கொள்கிறேன். இங்கே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

அன்புடன்,
மாமா